காவிரிக்கு எது நாட்டு மீன்? அயல் மீன் ஆய்வுகளும் நாட்டு மீன் வளர்ப்பும்

கரையோரம் (இழையைத் தொடங்கியவர்):

அயல் மீன்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை, வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து ஏரிக்கு வந்து சேர்ந்த சக்கர் மீன் ஆகிய மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை செய்யும் கேட்டைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் நெடுங்காலம் மீன்வளப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், ‘அயல்’ என்றும் ‘நாட்டு’ என்றும் நாம் பிரிக்கும் கோடே தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதை இங்கே சற்று விரிவாக வைக்க விரும்புகிறேன்.

2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத உயிரினத்தையே ஊடுருவும் அயல் இனம் என்று வரையறுக்கிறது. சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால் நாட்டின் எல்லையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. நன்னீர் மீனுக்கோ அது பிறந்த ஆற்றுப் படுகைதான் நாடு. ஒரு படுகைக்கும் அடுத்த படுகைக்கும் இடையிலுள்ள மேட்டுநிலத்தை அது தானாகக் கடப்பதில்லை. அந்தப் பிரிவினால்தான் ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கே உரிய இனங்கள் உண்டாயின. கங்கையின் மீன் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து காவிரியில் விட்டால், காவிரியின் மீன்களைப் பொறுத்தவரை அது தாய்லாந்திலிருந்து விமானத்தில் வந்த மீனைப் போன்றதே.

நம் குளங்களில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இந்திய மீன்கள்தாம். காவிரியின் மீன்கள் அல்ல. கட்லாவை 1920களில் அன்றைய சென்னை மாகாண மீன்துறை கோதாவரியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்டது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த நீர்த்தேக்கத்தில் கட்லா நிலைபெற்றது. அங்கே முன்பு வலையை நிறைத்தவை கருமுழிக் கெண்டை, வெண்கெண்டை போன்றவை. அவற்றுள் கருமுழிக் கெண்டை காவிரிப் படுகைக்கே உரியது. அவை குறைந்ததற்குக் கட்லாவை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. முட்டையிட மேலேறிச் செல்லும் வழியை அணை அடைத்தது, மணல் அள்ளப்பட்டது, சாயக்கழிவு கலந்தது. எனினும், ஏற்கெனவே தளர்ந்துபோன இனத்தின் பக்கத்தில் அதே உணவையும் இடத்தையும் நாடும் மற்றொன்றை ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதை ‘மீன்வளப் பெருக்கம்’ என்று நாம் அழைத்து வந்திருக்கிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கருத்துக்கு மிக வலுவான சான்று, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஆற்று மீனான மஹசீரிடம் இருக்கிறது. காவிரியில் திமிலுடைய மஹசீர் ஒன்று உண்டு. 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. உலகெங்கும் தூண்டில்காரர்கள் அறிந்த இந்த மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. அவ்வாண்டில்தான் பிண்டர், ராகவன் முதலிய ஆய்வாளர்கள், காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவியே இதுவென்று நிறுவினார்கள். அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் சேர்ந்தது. பெயர் கிடைத்த ஆண்டும் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றே என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அதன் இடத்தைப் பிடித்தது எந்த வெளிநாட்டு மீனும் அன்று. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹசீரை மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து, மஹசீரைக் காப்பாற்றும் நல்ல நோக்கத்தோடு 1970களிலிருந்து நாட்டின் பல ஆறுகளுக்கும் வழங்கினார்கள். காவிரிக்கும் அது வந்தது. 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் மீன்பிடிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நீலத்துடுப்பு மஹசீர் ஆண்டுக்காண்டு பெருகுவதும், திமில் மஹசீரின் எண்ணிக்கை சரிந்து, சிறிய மீன்கள் காணாமல்போய், முதிர்ந்த பெரிய மீன்கள் மட்டும் எஞ்சுவதும் தெரிந்தன. குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை என்பதே இதன் பொருள். ஆக, ஓர் அரிய மீனை ஓரத்திற்குத் தள்ளியதில் ‘நாட்டு மீன் வளர்ப்பு’ என்ற பெயரில் நடந்த வேலைக்குப் பெரும் பங்கு இருந்திருக்கிறது.

நாட்டு மீன்களை வளர்க்க வேண்டும் என்ற குரல் இப்போது வலுத்து வருகிறது; நானும் அதையே வேண்டுகிறேன். ஆனால் எந்தப் படுகையின் மீனை, எங்கே பிடித்த சினைமீனிலிருந்து (குஞ்சு எடுப்பதற்கென வைத்திருக்கும் ஆண், பெண் மீன்கள்), எந்த நீரில் வளர்க்கிறோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கினால், மஹசீருக்கு நேர்ந்தது கெண்டைகளுக்கும் கெளுத்திகளுக்கும் நேரும் என்று அஞ்சுகிறேன். பண்ணை நடத்துவோரும் ஆய்வில் இருப்போரும் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


பண்ணைக்குட்டை:

ஐயா, தாங்கள் சொன்ன மஹசீர் செய்தியை நான் இப்போதுதான் அறிகிறேன். ஆயினும் குளத்தை நம்பிப் பிழைப்பவன் என்ற முறையில் சிலவற்றைப் பணிவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்லாவும் ரோகுவும் மிர்காலும் காவிரிக்கு அயல் என்றால், எங்கள் கையில் எஞ்சுவது என்ன? 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் கெண்டைகளுக்குப் பிட்யூட்டரி என்னும் மூளையடிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி முட்டையிட வைத்த பிறகுதான், ஆற்றில் வெள்ளம் வரும்வரை காத்திருந்து கலவையாகக் குஞ்சு பொறுக்கும் நிலை மாறியது. அந்த நாளையே நாடு மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறது. மேல்மட்டத்தில் கட்லா, நடுமட்டத்தில் ரோகு, அடிமட்டத்தில் மிர்கால் என்று ஒரே குளத்தின் மூன்று அடுக்கு உணவையும் பயன்படுத்தும் கூட்டு வளர்ப்பு எங்களுக்குப் பழகிப்போன கணக்கு. கருமுழிக் கெண்டையின் விரலிகளை, அதாவது விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளைக் கேட்டால் எந்தப் பொரிப்பகத்திலும் இல்லை என்கிறார்கள். சேல் கெண்டை ஒருமுறை கிடைத்தது. ஓராண்டு முடிவில் ரோகுவை விட எடை குறைவாகவே இருந்தது. நட்டத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு விவசாயி எத்தனை ஆண்டுகள் நாட்டு மீனை வளர்ப்பார்?

இன்னொன்றும் உண்டு. ஜிலேபியை நான் ஒருமுறைகூட வாங்கி விட்டதில்லை. வரத்து வாய்க்கால் வழியாக அது தானே வந்துவிடுகிறது. குளத்தை இறைத்து, இலுப்பைப் புண்ணாக்கை ஒரு மீட்டர் ஆழத்திற்கு எக்டேருக்கு 2,500 கிலோ என்ற கணக்கில் போட்டு, மூன்று வாரம் காத்திருந்து குஞ்சு விடுகிறேன். அடுத்த அறுவடையில் உள்ளங்கைக்கும் சிறிய ஜிலேபிகள் கூடை கூடையாக வருகின்றன. நான் போட்ட தீவனத்தில் பெரும் பங்கை அவையே தின்றிருக்கின்றன. இதை எப்படித் தடுப்பது என்று ஆய்வு செய்கிறவர்கள் சொன்னால் அது எனக்கு உடனடி உதவியாக இருக்கும்.


நீரடி:

வணக்கம் ஐயா. நான் நன்னீர்ச் சூழலியலில் ஆய்வு மாணவி. ஜிலேபியைப் பற்றிப் பண்ணைக்குட்டை ஐயா கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

மொசாம்பிக் திலாப்பியா என்னும் இந்த மீன் இந்தியாவுக்கு வந்தது 1952-இல். புரத உணவைப் பெருக்கும் எளிய வழி என்று நம்பியே அதைக் கொண்டுவந்தார்கள். ஏழே ஆண்டுகளில், 1959-இல், அதைப் பரப்பக் கூடாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொன்னது. அதற்குள் அது கைமீறிப் போயிருந்தது. காரணம் அதன் இனப்பெருக்க முறையில் இருக்கிறது. பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. ஆகவே முட்டைகள் குறைவாக இருந்தாலும் பிழைப்பவை அதிகம். ஆற்று வெள்ளமோ சிறப்பான தாவரமோ அதற்குத் தேவையில்லை. ஆண் மீன் அடித்தரையில் ஒரு பள்ளம் பறித்தால் போதும். நெருக்கடியான குளத்தில் இரண்டு மூன்று மாத வயதிலேயே, விரல் நீளத்தில் இருக்கும்போதே முதிர்ந்து, ஆண்டில் பலமுறை இனம் பெருக்குகிறது. உடல் வளர்ச்சிக்குப் போக வேண்டிய உணவு முட்டையாக மாறுவதால்தான் தங்கள் கூடையில் உள்ளங்கைக்கும் சிறிய மீன்கள் வருகின்றன.

வடிகட்டி வைப்பதாக இருந்தால், வாய்க்காலின் முகப்பில் ஒரே ஒரு வலையை வைப்பதை விட, முதலில் குப்பையைத் தடுக்கும் பெரிய கண்ணும், அதன்பின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுடைய நீண்ட பை வலையுமாக இரண்டு நிலையில் வைப்பது நல்லது. பை நீளமாக இருந்தால் அடைப்பு ஏற்பட்டுக் கிழிவது குறையும். இலுப்பைப் புண்ணாக்கு போட்ட பிறகும் வாய்க்காலில் தேங்கும் சிறு குட்டைகளில் நாலைந்து மீன்கள் பிழைத்திருந்தால் போதும்; முதல் மழையில் அவை குளத்திற்குள் வந்துவிடும். குளத்தோடு வாய்க்காலையும் சேர்த்து வெடிப்பு விழக் காயவிடுவது மிக முக்கியம்.

கரையோரம் ஐயாவின் கருத்துக்கு வலுச்சேர்க்கும் ஒரு செய்தியும் உண்டு. நம் ஏரிகளில் இவ்வளவு தொல்லை தரும் இதே மொசாம்பிக் திலாப்பியா, தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தன் தாயகத்தில் அழியும் அச்சுறுத்தலில் உள்ள இனம். பண்ணைகளுக்காக அங்கே கொண்டுசெல்லப்பட்ட நைல் திலாப்பியா அதனோடு கலந்து, தூய வகையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. நைல் திலாப்பியாவும் ஆப்பிரிக்க மீன்தான். ஒரு கண்டத்தின் மீனே அக்கண்டத்தின் இன்னோர் ஆற்றுக்கு அயலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.


ஏரிக்காவல்:

எங்கள் குழு சில ஏரிகளில் சக்கர் மீனை அகற்றும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. அமேசான் படுகை முதலிய தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்த மீனின் உடல் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டிருக்கிறது. துடுப்பு முட்கள் வலையில் சிக்கினால் மீனை எடுக்க வலையையே அறுக்க வேண்டியிருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அது கரையில் வளை தோண்டுவதால் ஏரிக்கரை அரிக்கப்படுகிறது. தண்ணீர் கெட்டாலும் வயிற்றால் காற்றைச் சுவாசித்துப் பிழைத்துக்கொள்கிறது. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் பெரிதாக நடந்த திலாப்பியா மீன்பிடித் தொழிலையே இது சரித்துவிட்டது என்று படித்திருக்கிறேன்.

2018 பெருவெள்ளத்தின்போது கேரளத்தின் ஆறுகளில் அராபைமாவும் முதலைமூக்கு மீனும் பிடிபட்டதை அனைவரும் அறிவோம். அவை அலங்கார மீனாக வளர்க்கப்பட்டுத் தப்பியவை. இப்படிப்பட்ட நிலையில், கட்லாவையும் ரோகுவையும் அயல் என்று பேசுவது கவனத்தைச் சிதறடிக்கும் என்பது என் எண்ணம். முதலில் வெளிநாட்டு மீன்களைப் பிடித்து ஒழிப்போம். படுகை வேறுபாட்டைப் பிறகு பார்க்கலாம்.


நீரடி:

ஏரிக்காவல் அண்ணா, தங்கள் குழுவின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பிடித்து ஒழிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓர் ஏரியில் பாதி மீன்களைப் பிடித்துவிட்டால், எஞ்சிய பாதிக்கு உணவும் இடமும் இருமடங்காகின்றன. அவை வேகமாக வளர்ந்து, முன்கூட்டியே முதிர்ந்து, அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றுகின்றன. அகற்றும் வேகம் பெருகும் வேகத்தை விட ஆண்டுதோறும் தொடர்ச்சியாக அதிகமாக இருந்தால்தான் எண்ணிக்கை உண்மையில் இறங்கும். ஒரு முகாம் நடத்திவிட்டு அடுத்த ஆண்டு விட்டுவிட்டால் பழைய நிலை திரும்பிவிடுகிறது. ஆகவே மீன் வந்து சேர்ந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

அதற்குத்தான் இப்போது நீரிலுள்ள டி.என்.ஏ.வை ஆராயும் முறை பயன்படுகிறது. மீனின் சளி, செதில், கழிவு ஆகியவற்றிலிருந்து நீரில் கலக்கும் டி.என்.ஏ.வை வடிகட்டிப் பிரித்து, எந்த இனம் அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியை நோக்கி வெள்ளிக்கெண்டை முன்னேறுகிறதா என்று கண்காணிக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இந்த முறையில் பணிபுரிகிறவள் என்பதாலேயே அதன் குறைகளையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மீன் சந்தையின் கழிவுநீர் ஏரியில் கலந்தால் ஏரியில் இல்லாத மீனின் டி.என்.ஏ.வும் வந்துவிடும். ஓடும் நீரில் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வது கடினம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்பில் நம் உள்ளூர் இனத்தின் வரிசை இல்லையென்றால், கிடைத்ததை மிக நெருங்கிய வேறோர் இனத்தின் பெயரில் கணினி எழுதிவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, பொதுவாக நாங்கள் படிப்பது, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றுறுப்பின் டி.என்.ஏ. அது தாய்வழியே மட்டும் வருவது. வெண்கெண்டைத் தாய்க்கும் மிர்கால் தந்தைக்கும் பிறந்த கலப்பினம் எங்கள் சோதனையில் தூய வெண்கெண்டையாகவே தெரியும். அவ்விரண்டும் தோற்றத்தில் எவ்வளவு நெருங்கியவை என்றால், ஒரு காலத்தில் வகைப்பாட்டாளர்கள் சிலர் இரண்டையும் ஒரே இனமாகவே எழுதினார்கள்.

படுகை வேறுபாட்டைப் பிறகு பார்க்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம். சக்கர் மீன் பெருகினால் கண்ணுக்குத் தெரிகிறது. நெருங்கிய உறவுடைய மீன் கலந்தால் எதுவும் தெரிவதில்லை. வலையில் மீன் விழுந்துகொண்டே இருக்கும், இனம் மட்டும் இருக்காது.


பொரிப்பகத்தார்:

பல ஆண்டுகளாகப் பொரிப்பகம் நடத்துகிறேன். இந்த இழையில் எங்களைப் பற்றி நேரடியாக யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன்.

பருவம் வந்தால் எங்களுக்கு நேரம் போதாது. ஒரே வட்டத் தொட்டியில் ரோகுவையும் கட்லாவையும் சேர்த்து, முட்டையிடத் தூண்டும் ஊசி போட்டு விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எது எதனோடு கலந்தது என்று எவரும் பார்ப்பதில்லை. சினைமீனைத் தேர்ந்தெடுக்கும்போது நன்கு வளர்ந்தது எதுவோ அதைப் பிடிக்கிறோம். அது எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று எழுதி வைப்பதில்லை. ஓர் ஆண் மீனின் விந்து போதுமென்றால் இன்னொன்றைத் தேடிப் போவதில்லை.

நாட்டுக் கெளுத்தியில் இன்னும் கடினம். கெண்டையைப் போல வயிற்றை அழுத்தினால் அதன் ஆண் மீனிலிருந்து விந்து வராது. ஆணைக் கொன்று, விந்தகத்தை எடுத்து நசுக்கித்தான் முட்டையோடு கலக்க வேண்டும். நாட்டுக் கெளுத்தி அருகிய இனமாகிவிட்டது; அதன் ஆணைத் தேடிப் பிடித்துக் கொல்வது மனத்திற்குக் கடினமாக இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மைய அரசு 2000-லேயே தடை செய்தும் அது ஒழியாததற்குக் காரணம், அது எதையும் தின்று, எந்த நீரிலும் சில மாதங்களில் கிலோக் கணக்கில் வளர்வதுதான். நாட்டுக் கெளுத்தி என்ற பெயரில் கலப்பினக் குஞ்சுகளும் விற்கப்படுகின்றன. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

விராலைப் பற்றியும் ஒரு சொல். விலை கிடைப்பதால் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். அது நம் மீன்தான். ஆனால் ஊனுண்ணி, குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும். வாரத்திற்கு ஒருமுறையாவது அளவு வாரியாகப் பிரிக்காவிட்டால் பாதிகூட மிஞ்சாது. மிதவைத் தீவனத்திற்குப் பழக்காமல், ஏரியில் வாரிய சிறு கெண்டைகளையும் அயிரைகளையும் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாட்டு மீனை வளர்க்கப் பத்து நாட்டு மீன்களை ஏரியிலிருந்து அள்ளிக்கொண்டு வருவதை நாட்டு மீன் வளர்ப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.


பண்ணைக்குட்டை:

பொரிப்பகத்தார் இவ்வளவு வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. எனக்கு ஒரே ஐயம். ஜிலேபி பெருகிய குளத்தில் விராலை விட்டால், விரால் ஜிலேபிக் குஞ்சைத் தின்று கட்டுப்படுத்தும் என்கிறார்களே, அது உண்மையா?


நீரடி:

உண்மைதான், ஐயா. பல நாடுகளில் சோதித்துப் பார்த்த முறை. விராலின் வாய்க்குள் நுழையும் அளவுள்ள ஜிலேபிக் குஞ்சுகள் குறையும். எஞ்சிய ஜிலேபிகள் பெரிதாக வளரும். ஆனால் ஏற்கெனவே வளர்ந்த ஜிலேபிகளை விரால் ஒன்றும் செய்யாது. முதலில் குளத்தை இறைத்துவிட்டு, மற்ற மீன்களின் விரலிகள் விரால் விழுங்க முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகே விராலை விட வேண்டும். ஜிலேபியை வேரோடு ஒழிக்கும் வழியாக இதை எண்ண வேண்டாம்.


கரையோரம்:

ஒவ்வொருவர் எழுதியதும் என் எண்ணத்தைத் திருத்தியிருக்கிறது. பண்ணைக்குட்டை அவர்களுக்கு நான் தெளிவாகச் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்லாவையும் ரோகுவையும் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. சுற்றிலும் கரையுள்ள, ஆற்று வெள்ளம் ஏறாத, வடிகாலில் வலை கட்டிய பண்ணைக்குட்டையில் கட்லா வளர்வதால் காவிரிக்குக் கேடு மிகக் குறைவு. நீர்த்தேக்கத்திலும் ஆற்றிலும் அரசும் குழுக்களும் ‘இருப்பு’ என்ற பெயரில் குஞ்சு விடுவதுதான் வேறு கணக்கு. உணவுக்கான வளர்ப்பும் ஆற்றுக்கான வளர்ப்பும் இரு வேறு தொழில்கள். முன்னதில் வேகமாக வளரும் மீனைத் தேர்ந்தெடுப்பது சரி. புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வே நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1992-இல் தொடங்கி உருவாக்கிய ஜெயந்தி ரோகு அத்தகைய தேர்வின் நல்ல விளைவு. பின்னதில் அதே தேர்வு நஞ்சாகும். தொட்டியில் வேகமாக வளரும் குணமும், ஆற்றில் பகையைக் கண்டு ஒதுங்கும் குணமும் ஒரே மீனில் சேர்ந்து இருப்பது அரிது. அமெரிக்காவின் ஹூட் ஆற்றில், கடலுக்குச் சென்று ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீன்களை ஆராய்ந்து அராக்கி முதலியோர் 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் இனம் பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது.

ஏரிக்காவல் அவர்களின் கவலை நியாயமானது. வெளிநாட்டு மீன்களைத் தடுக்கும் வேலை நிற்கக் கூடாது. இரண்டையும் வரிசைப்படுத்த வேண்டிய தேவை இல்லை என்பது மட்டுமே என் வேண்டுகோள். சக்கர் மீனுக்குச் செய்ய வேண்டியது ஏரியில். கெண்டைக்குச் செய்ய வேண்டியது பொரிப்பகத்தில்.

பொரிப்பகத்தார் சொன்ன ‘ஓர் ஆண் மீன் போதும்’ என்ற வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். எல்லாவற்றிலும் முதன்மையானது அதுவே. ஒரு பொரிப்பகத்தில் 20 பெண் மீன்களும் 2 ஆண் மீன்களும் இருந்தால் நாம் 22 சினைமீன்கள் என்று எண்ணுகிறோம். மரபியல் அப்படி எண்ணுவதில்லை. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 160-ஐ 22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. அதாவது அந்த 22 மீன்களும் மரபு வளத்தில் 7 மீன்களுக்கே சமம். அடுத்த தலைமுறையில் உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுள்ள மீன்கள் தமக்குள் கூடுவதன் விளைவு, சுமார் 7 விழுக்காடு ஏறும். அதே 22 மீன்களில் 11 ஆணும் 11 பெண்ணும் இருந்தால் விடை 22. உட்கலப்பு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஆணையும் பெண்ணையும் சமமாக வைத்தால் போதும். இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. ஏக்நாத்தும் டாயிலும் கர்நாடகத்தின் கெண்டைப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு தலைமுறைக்கு 2 முதல் 17 விழுக்காடு வரை உட்கலப்பு ஏறுவதாகக் கணக்கிட்டார்கள்.

ஆற்றில் விடுவதற்காக வளர்க்கும்போது ஆபத்து இன்னும் பெரிது. ஆற்றில் ஆயிரம் காட்டு மீன்கள் இருக்கின்றன என்று கொள்வோம். பத்து மீன்களைப் பிடித்து வந்து பல இலட்சம் குஞ்சுகளை உண்டாக்கித் திரும்ப ஆற்றில் விட்டால், அடுத்த தலைமுறையில் ஆற்றிலுள்ள மீன்களில் பெரும்பாலானவை அந்தப் பத்தின் பிள்ளைகளாகிவிடும். எண்ணிக்கை பெருகியிருக்கும், மரபு வளம் சுருங்கியிருக்கும். ரைமனும் லைக்ரேயும் 1991-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கருமுழிக் கெண்டையையும் வெண்கெண்டையையும் மீட்கும் ஆர்வத்தில் நாம் இதைச் செய்துவிடக் கூடாது.

ஆகவே, தொடங்குவதென்றால் சேல் கெண்டையில் தொடங்கலாம் என்பது என் கருத்து. அதன் செயற்கை இனப்பெருக்கம் ஏற்கெனவே கைவந்தது. தாவர உணவு உண்பதால் விராலைப் போன்ற தீவனச் சிக்கல் இல்லை. ரோகுவை விட மெதுவாக வளர்வது உண்மை. ஆனால் கூட்டு வளர்ப்பில் ஒரு பங்கை மட்டும் சேல் கெண்டையாக வைத்தால் விவசாயியின் இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும். அந்தப் பங்கின் வழியாகச் சினைமீன் கூட்டம் ஒன்று பல பண்ணைகளில் பரவி உயிரோடு இருக்கும். சேல் கெண்டை கோதாவரியிலும் கிருஷ்ணாவிலும் காவிரியிலும் உண்டு. எனவே காவிரிப் படுகைக்குக் காவிரியின் சேல் கெண்டையையே எடுக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.


பண்ணைக்குட்டை:

ஒரு பங்கு என்றால் நான் ஏற்கிறேன், ஐயா. ரோகுவின் எண்ணிக்கையில் ஐந்தில் ஒன்றைக் குறைத்துச் சேல் கெண்டை விட்டுப் பார்க்கிறேன். இரண்டு குட்டைகள் அருகருகே இருப்பதால், ஒன்றில் பழையபடியும் மற்றொன்றில் புதியபடியும் வைத்து, மாதம் ஒருமுறை எடை எடுத்து இங்கேயே எழுதுகிறேன். வாய்க்கால் முகப்பில் நீரடி அம்மா சொன்ன பை வலையையும் கட்டுகிறேன். விரலிகள் எங்கே கிடைக்கும் என்பதே இப்போது என் கேள்வி.


பொரிப்பகத்தார்:

என்னிடம் சேல் கெண்டைச் சினைமீன்கள் பதினெட்டு இருக்கின்றன. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இன்று காலைதான் முதன்முறையாக முறையாக எண்ணினேன்: ஐந்து ஆண், பதின்மூன்று பெண். கரையோரம் ஐயாவின் கணக்கைப் போட்டால் பதினான்கரைக்குக் கொஞ்சம் கீழே வருகிறது.

சினைமீன் பதிவேட்டில் இதுவரை இனம், எடை, ஊசி போட்ட நாள் ஆகிய மூன்று பத்திகள்தாம் இருந்தன. ‘பிடித்த ஆறு’ என்று நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, பதினெட்டு மீன்களுக்கும் எழுத உட்கார்ந்தேன். ஒன்றுக்கும் எழுத முடியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் வாங்கியவை. அவர் எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவே இல்லை. அவை காவிரியின் மீன்களா, கிருஷ்ணாவின் மீன்களா என்று தெரிந்துகொள்ளாமல் இந்தப் பருவத்தில் அவற்றுக்கு ஊசி போட எனக்கு மனமில்லை. அதைக் கண்டறிய வழி உண்டா?


நீரடி:

உண்டு, ஐயா. மீனைக் கொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மீனின் வால் துடுப்பு ஓரத்திலிருந்து உளுந்தளவு துண்டு ஒன்றை வெட்டி, தனித்தனிச் சிறு குப்பியில், தூய எத்தனாலில் முழுகும்படி போட்டு, மீனுக்கு ஒரு எண்ணும் குப்பிக்கு அதே எண்ணும் எழுதி வையுங்கள். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே கத்தரிக்கோலைக் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஒன்றின் டி.என்.ஏ. மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். துடுப்பு சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஒப்பிடுவதற்கு மேட்டூருக்கு மேலே காவிரியிலிருந்தும், கிருஷ்ணாவின் துணையாறு ஒன்றிலிருந்தும் சேல் கெண்டை மாதிரிகள் வேண்டும். காவிரி மாதிரிகள் எங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன. கிருஷ்ணா மாதிரிகளைக் கர்நாடகத்தில் ஆய்வு செய்யும் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். இம்முறை மைட்டோகாண்ட்ரியாவோடு நிறுத்தாமல், தாய் தந்தை இருவழி மரபையும் படிக்கும் குறிப்பான்களையும் சேர்த்துப் பார்க்கிறேன். முடிவு வரும்வரை பண்ணைக்குட்டை ஐயா தம் இரண்டாவது குட்டையைக் காயவிட்டு வைத்திருக்கலாம்.